ஹெட் கிளார்க் லீவு போட்ட நாள்: வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர் ஒன்று கோத்தகிரிக்கு வந்த கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வட ஐரோப்பாவில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையின் அலுவலகத்தில் நடக்கிற நகைச்சுவைத் தொடர் அது. அரை மணி நேர எபிசோடுகள். யாரோ ஆவணப்படம் எடுக்க வந்திருப்பது போல ஒரு பாவனை. தன் ஜோக்குகளை நம்பியே வாழ்கிற மேனேஜர் ஒருவர், அதற்குச் சிரிக்கவே சிரிக்காத ஊழியர்கள். தொடரின் பெயர், அதன் உரிமையாளர், இங்கே அதை வாங்கிய சென்னைத் தயாரிப்பு நிறுவனம், பேச்சுவார்த்தை நடந்த ஓடிடி தளம் எதையும் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் இடம் தராது, சொல்லாமல் விட்டாலும் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் குறையாது.

நிறுவனம் வாங்கியது ஆப்ஷன் மட்டும்தான். குறிப்பிட்ட காலத்துக்குள் தமிழில் ஒரு பைலட், அதாவது மாதிரி எபிசோட், எடுத்து, அதைக் காட்டி ஏதாவது ஒரு தளத்தைச் சம்மதிக்க வைத்தால்தான் மீதிப் பணம், மீதி உரிமை எல்லாம். எழுதும் குழு சின்னது. தலைமை எழுத்தாளர் சின்னத்திரையில் பல வருஷம் ஊறிய சென்னைக்காரர், எங்களுக்கெல்லாம் ‘மேடம்’. இயக்குநர் கோயம்புத்தூர். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் சமூகத்து இளைஞர் ஒருவர், நாடகம் எழுதுவார், வீட்டில் தேயிலைத் தோட்டமும் உண்டு. அப்புறம் நான், குன்னூர். தேயிலை ஏலம், தொழிற்சாலை நடைமுறை எல்லாம் கொஞ்சம் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

தயாரிப்பாளர் மனதில் முதலில் இருந்தது சென்னையில் ஒரு ஐடி அலுவலகம். செட் சுலபம், செலவும் கம்மி. மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. மூலத்தில் பாதிக் கூத்து ஆலை வாசலில்தான் நடக்கிறது: படகுக்காரர்கள் மீனைக் கொண்டுவந்து இறக்குவார்கள், பனிக்கட்டிக்கென்று எடையில் கழிப்பார்கள், அவர்கள் கத்துவார்கள், மேனேஜர் சமாதானம் பேசப் போய் இன்னும் கெடுத்துவிட்டு வருவார். “வாசல்ல தராசு இல்லாத ஆபீஸ்ல இந்தக் கதை நிக்காது” என்றார் மேடம்.

நீலகிரியில் அந்தத் தராசுக்குப் பஞ்சமே இல்லை. சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலை வேனில் தொழிற்சாலைக்கு வரும், மழை நாள் என்றால் ஈரத்துக்கென்று கிலோ கணக்கில் கழிப்பார்கள், எவ்வளவு கழிப்பது என்பதில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். மீனும் சரி, இலையும் சரி, காத்திருக்காது. விற்க வந்தவர் என்னதான் சத்தம் போட்டாலும் சரக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக மாட்டார் என்பது தராசுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் தெரியும். இந்த ஒரு ஒற்றுமைக்காகத்தான் கதை கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது.

அப்படியே எடுப்பதா, மாற்றுவதா

உரிமையாளரிடமிருந்து ‘பைபிள்’ வந்தது. தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள்: எந்தப் பாத்திரம் எதற்காக இருக்கிறது, எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் எழுதி வைத்த கனமான கோப்பு. கை வைக்கக் கூடாதவற்றில் முதல் வரி, மௌனம். மேனேஜர் ஜோக் அடிக்கிறார், ஒருவரும் சிரிப்பதில்லை, கேமரா ஒவ்வொரு முகமாக நகர்கிறது, யாராவது ஒருவர் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறார். முதல் எபிசோட் தொடங்கிய சற்று நேரத்திலேயே இந்தக் காட்சி வந்துவிடும்.

தயாரிப்பாளருக்கு முதல் எபிசோடை வரிக்கு வரி தமிழில் எடுத்துவிட ஆசை. அதற்கு அவர் காட்டிய உதாரணம் ‘தி ஆபீஸ்’. 2001 இல் பிபிசியில் வந்த தொடர், 2005 இல் அமெரிக்காவில் என்பிசிக்குப் போனபோது முதல் எபிசோட் கிட்டத்தட்ட பிரிட்டிஷ் ஸ்கிரிப்ட்தான், அது 9 சீசன் ஓடவில்லையா என்றார். மேடமும் அதே உதாரணத்தைத்தான் எடுத்தார். 6 எபிசோடோடு முடிந்த அந்த முதல் சீசனை அங்கே பெரிதாக யாரும் கொண்டாடவில்லை, இரண்டாவது சீசனில் அந்த மேலாளரைக் கொஞ்சம் இளக்கி, வியாபாரத்தில் கெட்டிக்காரர், பாசத்துக்கு ஏங்குகிறவர் என்று ஆக்கிய பிறகுதான் வண்டி ஓடியது என்றார். 2003 இல் ‘கப்ளிங்’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொடரை அமெரிக்காவில் ஏறத்தாழ அதே வசனங்களோடு எடுத்தார்கள். 4 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, அப்படியானால் தாராளமாக மாற்றிவிடலாமா? அதற்கும் பயமுறுத்தும் கதை ஒன்று உண்டு. ‘ஃபால்ட்டி டவர்ஸ்’ 1975 இலும் 1979 இலும் வந்த மொத்தம் 12 எபிசோடுகள், ஒரு கடலோர ஊரில் ஓட்டல் நடத்துகிற பேசில் என்ற மனுஷனின் கதை. அமெரிக்காவில் அதை மூன்று தடவை முயன்றார்கள், மூன்றும் தேறவில்லை. 1983 இல் வந்த ‘அமண்டாஸ்’ என்ற வடிவத்தில் பேசிலே கிடையாது, ஓட்டலை நடத்துவது ஒரு பெண்மணி. மனைவிக்குப் பயந்து விருந்தாளியிடம் எரிந்து விழுகிற அந்த ஆள் போன பிறகு மிச்சம் இருந்தது ஓட்டல் கட்டடம்தான்.

நம் பக்கத்தில் தேறியவற்றையும் பார்த்தோம். ‘யெஸ் மினிஸ்டர்’ 2001 இல் ஃபரூக் ஷேக் நடிக்க இந்தியில் ‘ஜி மந்திரிஜி’ ஆனது. அமைச்சர், செயலாளர், கோப்பு என்ற அந்த ஏற்பாட்டையே பிரிட்டிஷ்காரர்கள் இங்கே விட்டுவிட்டுத்தானே போனார்கள், கதை வந்து உட்கார நாற்காலி தயாராக இருந்தது. 2020 இல் இந்தியில் வந்த ‘பஞ்சாயத்’ 2024 இல் தமிழில் ‘தலைவெட்டியான் பாளையம்’ ஆயிற்று. மனைவி பேரில் பதவி, புருஷன் கையில் அதிகாரம் என்பது அங்கேயும் நடக்கும் இங்கேயும் நடக்கும், யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விவாதத்திலும் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். ஜோக் போன இடத்தில் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை. யார் யாருக்குப் பயப்படுகிறார்கள், யார் முன்னால் யாருக்கு மானம் போகும் என்ற அடுக்கு புது ஊரிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குச் சமமான ஓர் அடுக்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. அதனால் முதல் வரைவை மூலத்தை ஒட்டியே எழுதுவது, எதையும் மாற்றுவதற்கு முன் மலைக்காரர்கள் நடுவில் வாசித்துக் காட்டுவது என்று முடிவானது. தயாரிப்பாளரும் சம்மதித்தார், வாசிப்புக்குப் பெரிய செலவில்லையே.

குன்னூரில் வாசித்தபோது

வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன ஹால். தொழிற்சாலை ஊழியர்கள், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்குகள், ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். நாடகக்காரர்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே வாசித்தார்கள்.

தராசுக் காட்சிக்கு உடனே சிரிப்பு. ஒரு விவசாயி சாக்கை உதறி உதறித் தண்ணீரை வடியவிட்டு, “இப்பப் போடுங்க எடையை” என்கிற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அதற்கு நேர்மாறாக, மௌனக் காட்சிக்கு ஒரு சத்தமும் இல்லை. சிரிப்பு வராதது மட்டுமில்லை, ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்பது போல முன்னால் சாய்ந்து கவனித்தார்கள். அந்தக் காட்சிக்குப் பின்னால் வந்த நல்ல நல்ல இடங்களும் அமுங்கிப்போயின.

முடிந்ததும் கேட்டோம். ஓய்வு பெற்ற டீ மேக்கர் (இலையைத் தூளாக்கும் வேலையைக் கவனிப்பவர்) ஒருவர், நாற்பது வருஷம் தொழிற்சாலையிலேயே கிடந்தவர், சொன்னதை அப்படியே தருகிறேன்: “மேனேஜர் ஜோக் சொல்லி ஒருத்தருமே சிரிக்கலீன்னா, அவருக்கு மாத்தல் ஆர்டர் வந்தாச்சு, அது அவருக்கு மட்டும் தெரியலைன்னு அர்த்தமுங்க. ஆர்டர் எப்ப வரும்னு பார்த்துட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் வரலீங்களே?” சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் இன்னும் ஒரு படி மேலே போனார்: “எங்க ஆபீஸ்ல அவர் வாயைத் திறக்கும்போதே ரெடியா இருப்போம் சார். எங்க சிரிக்கணும்னு தெரியாமத்தான் கஷ்டம்.”

இந்த வாசிப்பிலிருந்து கிடைத்த முக்கியமான தகவல் இதுதான். மூலத்தில் மௌனம் ஒரு நகைச்சுவை. இங்கே அதே மௌனம் ஒரு செய்தி, கதையில் ஒரு திருப்பம். ஹாலில் இருந்தவர்கள் எங்கள் கதையைப் பார்க்கவில்லை, பதவி பறிபோகப்போகிற ஒரு மனிதனின் கதையை அவர்களே மனதுக்குள் எழுதிக்கொண்டு அதன் முடிவுக்காகக் காத்திருந்தார்கள்.

கேமராவும் இடறியது. ஆவணப்படம் எடுப்பவர்கள் ஏன் ஒரு தேயிலை ஆபீஸில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், டிவிக்காரர் முன்னால் எந்த மேனேஜராவது இப்படி வாயைக் கொடுப்பாரா என்று கேள்விமேல் கேள்வி. மதியம் ஆளுக்கொரு மூலையில் தனியாகச் சாப்பிடுகிற காட்சியையும் ‘இவங்களுக்குள்ள ஏதோ சண்டை’ என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கூடலூரில் வாசித்தபோது

இது குன்னூர் போல இல்லை, சீக்கிரமே கசந்தது. மூலத்தில் வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் உண்டு, அவர் பேசும் விதம்தான் தொடர் முழுக்க ஓடுகிற வேடிக்கை. முதல் வரைவில் அந்த இடத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை வைத்திருந்தோம். 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நீலகிரியில் நிறையப் பேர். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968 இல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டத்தையே, இன்றைய டான்டீயை, ஆரம்பித்தார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் அவர்கள் அதிகம். அந்தத் தமிழுக்குத் தனி இழுவை, தனிச் சொற்கள், எழுதுகிறவனுக்கு ஆசையைக் கிளப்பும்.

வாசித்தபோது முதல் இரண்டு இடத்தில் இளைஞர்கள் சிலர் சிரித்தார்கள். பெரியவர்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவது இடம் வந்ததும் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். இடைவேளையில் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நின்றவரிடம் படகர் நண்பர் போய்ப் பேசினார். “தம்பி, அங்க இருந்தப்ப எங்களை இந்தியாக்காரன்னான். இங்க வந்தா சிலோன்காரன்னான். இனி டிவியிலும் பார்க்கணுமா?” என்று கேட்டாராம், கோபமாகக்கூட இல்லை.

பேசுகிற விதத்தை வைத்து வேடிக்கை செய்வது தொலைக்காட்சிக்குப் புதிதில்லை. மொழி கற்கும் வகுப்பு ஒன்றை வைத்து 1977 இல் லண்டனில் எடுத்த ‘மைண்ட் யுவர் லாங்க்வேஜ்’, 1993 இல் தூர்தர்ஷனில் அதை ஒட்டி வந்த ‘ஸபான் சம்பால்கே’ இரண்டும் அதையே அடுப்பாக வைத்து எரிந்தவைதான். ஆனால் அங்கே வகுப்பில் இருக்கிற எல்லோரும் அதே படகில் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் உளறுகிறார். எங்கள் வரைவில் ஒரே ஒருவர் உளற, மற்ற எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அது வேறு கணக்கு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மௌனத்தை நேரடியாகக் கொண்டுவர முடியாது என்று தெரிந்ததும் மேடம் அதைத் தலைகீழாகத் திருப்பினார். நம் அலுவலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். யார் முதலில் சிரிப்பது என்பதில்தான் கதை. அப்படிப் பிறந்தவர்தான் ஹெட் கிளார்க், மூலத்தில் இல்லாத ஆள். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினால் ஜோக் வருகிறது என்று பொருள். தோள் குலுங்கினால் முடிந்துவிட்டது. அதைப் பார்த்து அக்கவுண்ட்ஸ்காரர், அவரைப் பார்த்து டைப்பிஸ்ட் அக்கா, கடைசியில் லீஃப் ரிஜிஸ்டர் எழுதுகிற பையன், வரிசை தப்பாமல் சிரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண்ணுக்கு மட்டும் இந்த ஏற்பாடு தெரியாது. அவள் ஜோக்கை நிஜமாகவே காதில் வாங்குவாள், அதனால் எப்போதும் லேட். டீ கொண்டுவருகிற அம்மா சிரிக்கவே மாட்டார், அவர் கேன்டீன் கான்ட்ராக்ட்காரரின் ஆள், அவர் சம்பளம் மேனேஜர் கையில் இல்லை.

இதை எழுதிக் காட்டியபோது எஸ்டேட் ஆபீஸ் பெண், “யாரு சார் உங்களுக்குச் சொன்னது?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கேமராவுக்கு வழி சொன்னவர் இயக்குநர். ஆவணப்படத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் சிசிடிவி. முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார், ஆபீஸில் கேமரா மாட்டி போனில் பார்க்கிறார், எப்போது பார்ப்பார் என்று யாருக்கும் தெரியாது. மூலத்தில் ஊழியர் கேமராவைப் பார்ப்பது, ‘இந்த ஆள் அடிக்கிற கூத்தைப் பாருங்கள்’ என்று நம்மிடம் ஜாடை காட்ட. இங்கே மூலையில் இருக்கும் அந்தக் கறுப்புக் குமிழை அண்ணாந்து பார்ப்பது பயத்தில். மேனேஜரோ அதன் முன்னால் நடிப்பார், சும்மா நிற்கும்போது ஏதாவது ஒரு ஃபைலைப் புரட்டுவார். பார்வை மேல்நோக்கிப் போனதும் அடுக்கு முழுமையானது: விவசாயி கிளார்க்கைப் பார்க்கிறார், கிளார்க் மேனேஜரை, மேனேஜர் குமிழை.

கிறிஸ்துமஸ் பார்ட்டி ஒன்று மூலத்தில் உண்டு, குடித்துவிட்டு எல்லோரும் மனதில் இருப்பதைக் கொட்டுகிற இரவு. முதலில் தீபாவளி பார்ட்டி என்று எழுதி, படிக்கும்போதே எல்லோருக்கும் சலித்தது. தீபாவளிக்கு முன்னால் தேயிலைக்காரர்கள் பேசுகிற பேச்சு ஒன்றே ஒன்றுதான், போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் எங்கே நிற்கும் என்பதில் அத்தனை பேர் தீபாவளியும் தொங்கும். ஆகவே பார்ட்டியை எடுத்துவிட்டு போனஸ் மீட்டிங் வைத்தோம். மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் நின்று ஜோக் மேல் ஜோக்காக அடிக்கிறார், வரலாறு காணாத சிரிப்பு, லீஃப் ரிஜிஸ்டர் பையன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், மேனேஜருக்குத் தன் வாழ்நாளின் சிறந்த நாள் இது என்று தோன்றுகிறது. அப்புறம் தாளைப் பிரித்து 8.33 என்கிறார். செய்தியை மென்மையாக்க உடனே இன்னொரு ஜோக். ஹெட் கிளார்க் பேனாவை மூடவில்லை.

பைபிள் கேட்ட மௌனம் இப்படி எபிசோடின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை என்றால் அந்த ஆளின் அதிகாரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இங்கே பொருள். அது உண்மையிலேயே ஆன பிறகு வைத்தால் நிற்கும்.

இலங்கைப் பெரியவர் பாத்திரம் போனது, பேச்சை வைத்துக் கேலி என்பதும் அவரோடு போனது. அதற்குப் பதில் விவசாயிகள் தங்களுக்குள் படகர் மொழியில் பேசிக்கொள்வார்கள், சப்டைட்டில் கிடையாது, சென்னையிலிருந்து வரும் ஆடிட்டர்தான் ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அந்த வசனங்களைப் படகர் நண்பரே எழுதி, அவர் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினார். ஒரு வசனத்தை அவர்கள் மாற்றச் சொன்னார்கள், மாற்றியது முந்தையதைவிட நன்றாகவே இருந்தது.

உரிமையாளரோடு இழுபறி

வடிவத்தை விற்கிற நிறுவனங்கள் ‘ஃப்ளையிங் புரொடியூசர்’ என்று ஒருவரை அனுப்புவது வழக்கம். நாடு நாடாகப் போய் உள்ளூர்க்காரர்கள் தொடரைக் கெடுத்துவிடாமல் பார்ப்பது அவர் வேலை. எங்களுக்கு வாய்த்தவர் வீடியோ காலிலேயே பறந்தார். மனுஷன் மோசமில்லை, ஆனால் மௌனம் இரண்டாவது நிமிஷத்தில் வந்தே ஆக வேண்டும் என்றார், ஊழியர்கள் சிரித்தால் இது வேறு தொடர் என்றார். வாதாடிப் பயனில்லை என்று குன்னூரில் இரண்டு வரைவையும் மறுபடி வாசித்து, கேமராவை நாடகக்காரர்கள் பக்கம் வைக்காமல் கூட்டத்தின் பக்கம் வைத்துப் பதிவு செய்து, சப்டைட்டிலோடு அனுப்பினோம். பார்த்தார். ஒரே நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார்: சிரிப்பு இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு முறையாவது நிஜமான மௌனம் வேண்டும்.

அந்த நிபந்தனை கழுத்தைப் பிடிக்கும் என்றுதான் நினைத்தோம். அதிலிருந்துதான் இரண்டாவது எபிசோட் கிடைத்தது. ஹெட் கிளார்க் மகள் நிச்சயதார்த்தத்துக்கு லீவு. மேனேஜர் காலையில் வந்து வழக்கம்போல ஆரம்பிக்கிறார், எல்லோரும் காலியான நாற்காலியைப் பார்க்கிறார்கள். எங்கே சிரிப்பது? அக்கவுண்ட்ஸ்காரர் துணிந்து நடுவிலேயே சிரித்துவிடுகிறார், மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்ததோ தன் அப்பாவுக்கு நடந்த ஆபரேஷன் பற்றி.

உடையிலும் ஒரு சின்ன மல்லுக்கட்டு, இது தளத்தோடு. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெண்ணுக்குப் பளபளப்பான சுடிதார் போட்டு முடியை விரித்துவிடச் சொன்னார்கள். ‘எவரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ ரஷ்யாவுக்குப் போனபோது இதே சண்டை நடந்ததை அதன் படைப்பாளி ஃபில் ரோசென்தால் ஓர் ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார்: வீட்டு வேலை பார்க்கிற அம்மாவுக்கு ஃபேஷன் உடைதான் வேண்டும் என்று அங்கிருந்த உடை வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தாராம். மேடம் அதைத் தளத்துக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் கடைசியில் ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய ஸ்கார்ஃப், காலில் சாக்ஸோடு செருப்பு என்று கோத்தகிரிப் பெண்ணாகவே வந்தாள்.

படப்பிடிப்பு

இலை வரத்து குறைந்திருக்கும் பனிக்காலத்தில் ஒரு தொழிற்சாலை இடம் கொடுத்தது. இயந்திரம் ஓடினால் வசனம் கேட்காது, ஓடாவிட்டால் தொழிற்சாலை மாதிரி இருக்காது. ஆகவே ஆபீஸ் காட்சிகளை வார விடுமுறையில் எடுத்து, சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து கீழே போட்டோம். தராசுக் காட்சியில் நடித்தவர்களில் பாதிப்பேர் நிஜ விவசாயிகள். கழிவு எவ்வளவு என்று ஸ்கிரிப்டில் இருந்ததை அவர்கள் ஏற்கவில்லை, நடிப்பு என்றாலும் அவ்வளவு கிலோ விட்டுக்கொடுக்க முடியாதென்று நிஜமாகவே மல்லுக்கு நின்றார்கள். அந்த டேக்கைத்தான் வைத்தோம்.

திரையிடலும் அதன் பிறகும்

பைலட்டைக் கோத்தகிரியிலும் சென்னையிலும் காட்டினோம். கோத்தகிரியில் எதிர்பார்த்த இடமெல்லாம் சிரிப்பு, பேனா மூடுகிற ஷாட்டுக்கே தனியாக ஒரு அலை. 8.33 வந்ததும் ஹாலும் சேர்ந்து மௌனமானது, யாரோ ஒருவர் “அடப்பாவி” என்றது தெளிவாகக் கேட்டது. சென்னையில் தராசு புரியவில்லை, ஈரத்துக்கு ஏன் கழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் ஹெட் கிளார்க் அங்கேயும் நேராகப் போய்ச் சேர்ந்தார், பார்த்தவர்கள் அவரவர் ஆபீஸ் ஹெட் கிளார்க்கின் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள். தேயிலை தெரியாதவருக்கும் சிரிப்பு வரிசை தெரியும் என்பது எனக்கு இதில் கிடைத்த பெரிய ஆறுதல்.

தளம் வேறு மாதிரி யோசித்தது. அவர்களுக்கு மலை போதவில்லை. ஊட்டியில் நடக்கிற கதையில் ரயில் எங்கே, படகுச் சவாரி எங்கே, மலர்க் கண்காட்சி எங்கே என்று கேட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தவிர ஒன்றுமே தெரியவில்லை என்றொரு குறை. அது ஊட்டி இல்லை கோத்தகிரி என்பதையும், ஆபீஸில் வேலை பார்க்கிறவர் பகல் முழுக்கப் பார்ப்பது அந்தப் பனிமூட்டத்தைத்தான் என்பதையும் இயக்குநர் பொறுமையாகச் சொன்னார். பேச்சு நீண்டது, இரண்டாவது ஸ்கிரிப்டைக் கேட்டார்கள், மூன்றாவதைக் கேட்டார்கள், நடுவில் எங்களோடு பேசிக்கொண்டிருந்த அதிகாரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆப்ஷன் காலம் முடிந்தது. நீட்டிக்கத் தயாரிப்பாளரிடம் பணம் இல்லை.

அப்போதுதான் ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கம் தெரியவந்தது. தழுவலுக்காகப் புதிதாக உருவாக்குகிற பாத்திரங்களும் காட்சிகளும் மூல உரிமையாளருக்கே சேரும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. வடிவ ஒப்பந்தங்களில் இப்படிப் போடுவது சகஜம்தான். மீன் ஆலையை விட்டுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலையை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தத் தொடராகச் செய்யலாம் என்று மேடம் கேட்டதற்கு வக்கீல் சொன்ன பதில் சுருக்கமானது: தொழிற்சாலை உங்களுடையது, தராசு உங்களுடையது, ஹெட் கிளார்க் அவர்களுடையவர்.

பிறகு ஃப்ளையிங் புரொடியூசரிடமிருந்து மேடத்துக்கு ஒரு மெயில். ஆசியாவில் இன்னொரு நாட்டில் தொடரை எடுக்கிறார்களாம், அங்கேயும் மௌனம் வேலை செய்யவில்லையாம், ஹெட் கிளார்க்கைப் பைபிளில் சேர்த்து அனுப்பியிருக்கிறாராம். நன்றி சொல்லியிருந்தார். மேடம் அதைக் குழுவில் பகிர்ந்து, கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். பேனாவை மூடிய பிறகு போட்டதா என்று இயக்குநர் கேட்டார்.

அடுத்த முறை எது மாறும்

ஒப்பந்தம் முதலில். புதிதாக எழுதுவது யாருக்குச் சொந்தம் என்ற பிரிவை எழுத்தாளர்கள் கையெழுத்துக்கு முன்பே படிக்க வேண்டும், முழு உரிமை கிடைக்காவிட்டாலும் தொடர் நடக்காமல் போனால் உள்ளூர்ப் பாத்திரங்கள் திரும்ப வரும் என்ற வரிக்காவது பேரம் பேச வேண்டும். தயாரிப்பு நிறுவனம் இதை இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறது.

வாசிப்பு கடைசிச் சோதனையாக இல்லாமல் முதல் வேலையாக இருக்கும். மூலத்தை மாற்றாமல் வாசித்துக் காட்டியதில் கிடைத்தது, மாற்றிய பிறகு காட்டியிருந்தால் கிடைத்திருக்காது. எங்கே சிரிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று நினைத்தீர்கள் என்று கேட்க வேண்டும். டீ மேக்கர் பதில் அந்தக் கேள்விக்குத்தான் வந்தது. கூடலூர் வாசிப்பு குன்னூருக்கு முன்னால் நடக்கும், யாருடைய பேச்சை எழுதுகிறோமோ அவர்கள்தான் முதல் கூட்டம். தளத்துக்காரர்கள் ஒருவரையாவது இந்த வாசிப்புகளில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும், பைலட்டை மட்டும் பார்த்தவருக்கு ரயில்தான் ஞாபகம் வரும்.

மேடமும் படகர் நண்பரும் இப்போது சொந்தமாக ஒன்று எழுதுகிறார்கள், பைபிள் இல்லாமல். களம் பசுந்தேயிலை ஏற்றி வருகிற ஒரு வேன். டிரைவர், ஏஜென்ட், ஏறிக்கொள்கிற விவசாயிகள். அதில் ஹெட் கிளார்க் வரக் கூடாது என்பதால், வேன் ஆபீஸ் வாசலோடு திரும்பிவிடும்.